அரைஞாணில் கட்டிய ரேடியம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததுதானே. சர்க்கரை, மூட்டு, கண்ணில் வளர்ந்த சதை. போன வாரம் நம்மில் ஒருவர் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்வந்து, "ஒண்ணுமே தெரியலை, படுக்க வெச்சாங்க, ஏதோ ஒரு மிஷின் சுத்துச்சு, எழுந்து வந்துட்டேன்" என்றார். எல்லாரும் ஆச்சரியப்பட்டீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் லேசில் மூடமாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கலாம், எனக்கு வருத்தமில்லை.

கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவள் நான். ஊர் என்றால் சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூரை வீடுகள், நடுவே சாமைக் கொல்லைகள், பலா மரங்கள், அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடிகள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்களை அவன் ஆள்கிறான் என்பது எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மலைக்கு ரோடு கிடையாது. உப்பு வேண்டும் என்றாலும் ஆண்கள் விடியலில் இறங்கி, பொழுது சாயத் தலைச்சுமையோடு ஏறி வருவார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது மூடுபனிதான். காலையில் கதவைத் திறந்தால் மாடு இருக்காது, மணிச்சத்தம் மட்டும் இருக்கும். பனி வீட்டுக்குள் வந்து அடுப்புப் புகையோடு கலந்துகொள்ளும். எது பனி, எது புகை என்று தெரியாத அந்த வெளுப்புக்குள் அம்மா நடந்து போவாள், பெரியம்மா நடந்து வருவாள். நான் மூலையில் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, இரண்டு பேரில் யார் என்று காலடிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். அம்மா மெதுவாக நடப்பாள். பெரியம்மா தரை அதிர நடப்பாள்.

பெரியம்மா அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அக்கா தங்கை இரண்டு பேரையும் கட்டி வைத்திருந்தார்கள். பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஆகவே எங்கள் வீடுதான் அவள் வீடு, நான்தான் அவள் பிள்ளை. பலா மரத்தில் ஆண்களுக்குச் சமமாக ஏறுவாள். வாயில் எந்நேரமும் புகையிலை இருக்கும். சிரித்தால் அடுத்த சரிவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் புகையிலைக் கன்னத்தில்தான் புண் வந்தது. முதலில் மிளகு அளவு, பிறகு பலாக்கொட்டை அளவு. வேர் அரைத்து வைத்தார்கள், பச்சிலை அரைத்து வைத்தார்கள். சாமிக்கு ஆடு நேர்ந்துகொண்டார்கள். கடைசியில் சாப்பிட வாயைத் திறக்க முடியாமல் போனபோது அப்பா கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவளைக் கீழே தூக்கிப் போனார். சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வைத்தியம் வந்திருப்பதாக அடிவாரத்து மிளகு வியாபாரி சொல்லியிருந்தார்.

தை மாதம் பெரியம்மா நடந்தே மலை ஏறி வந்தாள். கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் புண் இல்லை. எங்கள் ஊரில் அதுவரை அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. பெண்கள் அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

நான் அவள் மடியை விட்டு இறங்கவில்லை. என்ன வைத்தியம் செய்தார்கள் என்று நச்சரித்தேன்.

"ஊசி வெச்சாங்க கண்ணு. குத்தி எடுக்கற ஊசி இல்ல. ஈர்க்குச்சித் துண்டாட்டம் இருக்கும். நூலு கோத்துக் கன்னத்துக்குள்ள சொருகி அப்படியே உட்டுட்டாங்க. ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க. கஞ்சி குடுக்கற பொம்பள கூட வெச்சுட்டு ஓடிருவா."

"வலிச்சுதா பெரிம்மா?"

"ஒண்ணுமே தெரியல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. ஒரு நாள் விடியலில் இருமும்போது நூல் அறுந்து ஓர் ஊசி அவள் கையில் வந்து விழுந்திருக்கிறது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிற்பாடு அதைத் திருட்டு என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். எங்கள் குடும்பத்து வழக்கம் தெரியாதவர்கள் பேசிய பேச்சு அது.

வழக்கம் என்னவென்றால், ஒரு நோயைத் தீர்த்த வேரையோ கொடியையோ நாங்கள் எறிவதில்லை. விதை போட்டு வைக்கும் காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் சாம்பலோடு அதையும் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். அடுத்து அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும், அந்தக் கொடியையும் இந்த வேரையும் ஒன்றாகத் தாயத்துக்குள் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவார்கள். வீட்டை ஒருமுறை விட்டுப் போன நோய் அந்தப் பிள்ளையை அண்டாது என்பது நம்பிக்கை. என் இடுப்பில் இருந்தது அப்பாவைப் பாம்பு கடித்தபோது கொடுத்த வேர். ஆஸ்பத்திரியில் கொடுத்தால் மட்டும் மருந்து வேறாகிவிடுமா என்ன? பெரியம்மா ஊசியைக் குடுக்கைக்குள் அவரை விதைகளோடு போட்டாள். அம்மா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் தம்பி பிறந்தான். பலாப்பிஞ்சு விட்டிருந்த சமயம். மழை இல்லாமலே பனி பெய்து கூரை சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை வாசனையும் வசம்பு சுட்ட வாசனையும் ஈரக் கூரைப்புல் வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை இருந்ததே, அது இப்போதும் சில விடியல்களில் எங்கிருந்தோ வந்து எழுப்பிவிடுகிறது. எழுந்து பார்த்தால் பிளாட்டின் பால்கனியில் துணிதான் காய்கிறது.

பெரியம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. அம்மா பால் கொடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பிள்ளை அவள் கையில்தான். அடிவாரத்திலிருந்து வெள்ளித் தாயத்து வந்தது. "நான் ஒரு மருந்து வெச்சிருக்கேன், அதை உள்ள போடறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள். அது என்ன மருந்து என்று கேட்கவில்லை. மெழுகு வைத்து மூடி, கறுப்புக் கயிற்றில் கோத்து, பிஞ்சு இடுப்பில் பெரியம்மாவே கட்டினாள்.

இதைப் படிக்கும் உங்களுக்கு அது எத்தனை ஆபத்து என்று தெரியும். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விளக்குக்கு எண்ணெய் விட்டுச் சாமி கும்பிட்டோம். சில நாளில் தம்பியின் இடுப்பில் ஒரு சிவப்பு தெரிந்தது. கயிறு உரசுகிறது என்றாள் அம்மா. சூடு என்றார் அப்பா. விளக்கெண்ணெய் தடவிவிட்டு, தாயத்தை அதே இடத்தில் இழுத்து வைத்தார்கள்.

அப்போதுதான் பாய் வந்தார். எங்களுக்கு அவர் மிளகு வியாபாரியின் தம்பி. சமவெளி ஆஸ்பத்திரியில் அந்த ஊசிகளைப் பூட்டி வைத்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருடையது. ஊசி ஒன்று குறைந்ததிலிருந்து ஆஸ்பத்திரியின் சாக்கடை, சாம்பல்மேடு, துணி வெளுக்கும் இடம் எல்லாம் தேடி முடித்துவிட்டு, சிகிச்சைக்கு வந்தவர்களின் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். துருக்கித் தொப்பியும் கோட்டுமாக மூச்சிரைக்க ஏறி வந்தார். சுமைக்காரனிடம் கொடுக்காமல் ஒரு மரப்பெட்டியைத் தானே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அதற்குள்ளும் ஒரு பிள்ளை இருக்கிறதோ என்று நான் நினைத்தேன்.

"அம்மா, ஒரு ஊசி காணோம். உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று பெரியம்மாவிடம் நேராகவே கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பெரியம்மா. மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்று எதற்காகச் சொன்னாள் என்பது எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆயிற்று. கொடுத்தால் பிள்ளைக்குக் காவல் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள்.

பாய் பெட்டியைத் திறந்தார். இரண்டு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி. மேலே பித்தளைக் குமிழ். உள்ளே குமிழிலிருந்து தொங்கிய கம்பியின் நுனியில் இரண்டு தங்க இலைகள், மூச்சு விட்டால் பறந்துவிடும் போல. அரக்குக் குச்சியைக் கம்பளியில் தேய்த்துக் குமிழில் தொட்டார். இலைகள் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காதது போல விலகி நின்றன. நாங்கள் வாயைப் பிளந்தோம். "ஊசி கிட்ட இருந்தா இந்த இலை ரெண்டும் தானாச் சேந்துக்கும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, இலைகள் சேர்ந்துகொண்டன. அவர் முகம் மலர்ந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார், அங்கேயும் சேர்ந்துகொண்டன. பலா மரத்தடியிலும் சேர்ந்துகொண்டன. காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். மூடுபனியில் அந்தப் பெட்டி உதவாது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்கிறது.

"ஏனுங்க பாய், மேகம் எறங்குனதுக்கே உங்க பொட்டி படுத்துருச்சுங்களே" என்று அப்பா சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். பாயும் சிரித்தார். வெயில் வரும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னோம்.

பனி விலகாமல் இருந்த அந்தப் பகல்கள்தான் எனக்குக் கனவு போல இருக்கின்றன. தானியம் வைக்கும் உள்ளறையைச் சாத்தினால் பகலிலும் கும்மிருட்டு. பாய் எங்களை அதற்குள் உட்கார வைத்துக் கோட்டுக் கையைச் சுருட்டினார். அவர் மணிக்கட்டில் பச்சையாகச் சில எழுத்துகள் மிதந்தன. கடிகாரம், கை எதுவும் தெரியவில்லை, எழுத்து மட்டும்தான். சாமையின் புழுதி வாசத்துக்குள் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிவிட்டேன் என்று பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மின்மினியப் புடிச்சு அடைச்சு வெச்சிருக்கீங்களா பாய்?"

"இல்ல கண்ணு. இதுல ரேடியம் பூசியிருக்கு. ஊசிக்குள்ள இருக்கறதும் அதேதான். ஆனா ஊசி மினுங்காது. பார்த்தா வெறும் கம்பித் துண்டாட்டம் இருக்கும். அதுதான் மோசம்."

ஒருநாள் நடுப்பகலில் வெயில் வந்தது. களத்தில் ஆமணக்குக் காய்களைப் பரப்பியிருந்தோம். வெயில் ஏற ஏற அவை வெடிக்கத் தொடங்கின. இங்கே ஒரு பட், அங்கே ஒரு பட். கொட்டைகள் தெறித்து எங்கள் மேல் விழுந்தன. பெட்டியை வெயிலில் காய வைத்துவிட்டுப் பாய் களத்தோரம் உட்கார்ந்தார். அம்மா காய்களைக் கிளறிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வீட்டுக்குள் தம்பியோடு இருந்தாள்.

அப்பா கேட்டார், "அப்படி என்னதாங்க இருக்குது அந்த ஊசியில?"

பாய் டாக்டரின் புத்தகத்தைப் புரட்டிப் படித்தவர். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு எப்போதும் உண்டு. "இந்தக் கல்லு, நீங்க, நானு, பலாச்சுளை எல்லாமே அணுதானுங்க. கண்ணுக்கு எட்டாத பொடி. ஒவ்வொரு அணுவுக்கும் நடுவுல பருப்பாட்டம் ஒண்ணு கெட்டியா இருக்கும். அதைச் சுத்தி அதைவிடப் பொடிசா சிலது இருக்கும். பருப்புக்கும் அதுக்கும் நடுவுல இருக்கறதெல்லாம் வெட்டவெளிதான்."

"வெட்டவெளின்னா நான் எப்படிங்க பூமிக்குள்ள உளுகாம நிக்கறேன்?"

பாய் தாடியைச் சொறிந்தார். "அது நான் படிச்ச பக்கத்துல இல்லீங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு களத்தைக் காட்டினார். "மத்த அணுவெல்லாம் பச்சைக் காயி மாதிரி, சும்மா கிடக்கும். ரேடியம் இந்தக் காஞ்ச காயி மாதிரி. நடுவுல இருக்கற பருப்பே வெடிக்கும். வெடிச்சுத் துண்டு தெறிக்கும். அடுத்து எந்தக் காயி வெடிக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"ஆனா பொழுது சாயறதுக்குள்ள பாதி வெடிச்சிருக்கும்னு சொல்லலாமில்ல? அப்படித்தான். ரேடியத்துக்கு அந்தப் பாதி வெடிக்க ஆயிரத்தறுநூறு வருஷம் ஆகும். மிச்சத்துல பாதி வெடிக்க இன்னொரு ஆயிரத்தறுநூறு. நெருப்புல போட்டாலும் தண்ணியில போட்டாலும் நிக்காது. உங்க ஊட்டுக் கூரையில சொருகி வெச்சா நம்ம பேரன் பேத்தி எல்லாம் போனப்புறமும் அது பாட்டுக்கு வெடிச்சுட்டுக் கிடக்கும்."

"தெறிக்கறது மேல பட்டா?" என்று அம்மா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"சதைக்குள்ள பூந்துரும்மா. கெட்ட சதையைக் கொல்லும். நல்ல சதை, கெட்ட சதைன்னு அதுக்குத் தெரியாது. வளர்ற சதையை மொதல்ல புடிக்கும். அதனாலதான் டாக்டரு நாளைக் கணக்குப் பண்ணி வெச்சு எடுத்துருவாரு. எடுக்காம உட்டா அவ்வளவுதான்."

அம்மா கிளறுவதை நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தாள். அக்கா அதை எங்கேனும் வைத்திருக்கிறாளோ, அவளுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்றுதான் அவள் அப்போது பயந்திருக்கிறாள்.

பெட்டி காய்ந்துவிட்டது. அடுப்பைப் பெரிதாக மூட்டி வீட்டுக்குள்ளும் ஈரத்தைப் போக்கினோம். பாய் பெட்டியை நடுவீட்டில் வைத்து அரக்குக் குச்சியால் தொட்டார். இலைகள் விலகி நின்றன. வெகுநேரம் நின்றன. பெரியம்மாவைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். அவள் தம்பியைத் தோளில் சாய்த்தபடி வந்து உட்கார்ந்தாள்.

இலைகள் அவசரமே இல்லாமல், தூக்கம் வந்த கண் மூடுவது போல ஒன்றையொன்று நெருங்கின.

"அம்மா, உங்ககிட்டதான் இருக்கு" என்றார் பாய் மெதுவாக.

"நல்லாச் சோதிச்சுக்குங்க" என்று பெரியம்மா பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்தாள். முந்தானையை உதறினாள். கொண்டையை அவிழ்த்து உதறினாள். புகையிலை வைத்திருந்த சுருக்குப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். அம்மா பிள்ளையோடு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். பாய் மறுபடி குமிழைத் தொட்டார். இலைகள் விலகின. பெரியம்மா எதிரிலேயே இருந்தாள். இலைகள் அசையவில்லை.

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "மறுபடி ஈரம் வந்துருச்சோ என்னமோ" என்று முணுமுணுத்தார். என்ன ஆயிற்று என்று பார்க்க அம்மா உள்ளே வந்தாள். இலைகள் சேர்ந்தன.

அம்மா நின்றாள். அந்த இலைகளையே பார்த்தாள். பின்வாங்கி வாசலைத் தாண்டிக் களத்துக்குப் போனாள். பாய் இலைகளை விலக்கினார். அம்மா உள்ளே வந்தாள். சேர்ந்தன. மறுபடி வெளியே போய்ப் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக வந்தாள். இலைகள் விலகியபடியே நின்றன. களத்தில் ஆமணக்கு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா ஓடி வந்து என் கையிலிருந்து தம்பியைப் பறித்தாள். மண்டியிட்டுக் குனிந்து, அரைஞாண் கயிற்றைப் பல்லால் கடித்தாள்.

"அதை அவுக்காத! அதுதான்டி அவனைக் காக்குது!" என்று பெரியம்மா போட்ட கூச்சல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஓடிப் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். அப்பா அவளை இழுத்து நிறுத்தினார். கயிறு அறுந்தது.

பாய் நீளமான இடுக்கியால் தாயத்தை எடுத்து, தூரத்தில் பிடித்து, மெழுகை உடைத்தார். உள்ளிருந்து ஊசியைப் பிடித்து ஓர் ஈயப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அவருடைய வேலை பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டியவர், தம்பியின் இடுப்பைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று கேட்டார். பெரியம்மா சொன்னாள். "அல்லாவே" என்று அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் புள்ளையோட கொடியைக் குடுங்க" என்றாள் அம்மா. தாயத்துக்குள் மிச்சம் இருந்த தொப்புள்கொடியைத் துணியில் வைத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார், "இப்பத் தெரியறது கொஞ்சம்தான்மா. போகப் போகப் புண்ணாகும். லேசுல ஆறாது. உட்டுராம கீழ தூக்கிட்டு வாங்க. நானே டாக்டர்கிட்டக் கூட்டிப் போறேன்."

பிழைப்பானா என்று அம்மா கேட்டாள். அவர் ஈயப் பெட்டியின் மூடியை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

அவர் சொன்னபடியே புண் வந்தது. இடுப்பின் ஓரத்தில் தோல் கறுத்து உரிந்து குழிவிழுந்தது. பிள்ளை நாளெல்லாம் அழுதான். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். அதைக் கேட்பது அழுகையைக் கேட்பதைவிடக் கொடுமையாக இருந்தது. அம்மா அவனைத் துணியில் சுற்றி மார்பில் கட்டிக்கொண்டு மலை இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள். அடிவாரத்தில் பாய் காத்திருந்து அழைத்துப் போவார். அம்மா பெரியம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே அடுப்பு, ஒரே பானை, நடுவில் ஒரு சொல் கிடையாது.

பெரியம்மா பிள்ளையைத் தொடுவதை விட்டுவிட்டாள். யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. தன் கையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். ஊசி போனால் அதோடு எல்லாம் போயிற்று, கையில் எதுவும் தங்காது என்று பாய் எத்தனையோ தரம் எடுத்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை. தம்பி இருக்கும் இடத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். என்னையும் தொடமாட்டாள். நான் போய் அவள் மடியில் விழுந்தால் கைகளை மேலே தூக்கிக்கொள்வாள். எனக்கு அது பொறுக்காமல் நான் அழுவேன்.

ஆடியில் அவரை ஊன்றும் நேரம் வந்தது. குடுக்கையை இறக்கி விதைகளை ஊன்றினாள். பக்கத்து வீட்டு அவரையெல்லாம் கொடி வீசிப் பந்தல் தேடியது. எங்கள் வரிசையில் ஒன்றிரண்டு மட்டும் தலை காட்டி, சுருண்ட இலை விட்டு, அப்படியே நின்றுபோயின. தை முதல் பங்குனி வரை அந்த ஊசி அந்த விதைகளோடு கிடந்ததே. அவளுக்கு அது புரிந்துவிட்டது.

தினம் விடியலில் போய் அந்த வெறும் மண்ணுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பாள். ஒருநாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "வெதைக்கே இப்படி ஆச்சே சாமி" என்றாள். அவள் தம்பியை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது.

இப்போது யோசித்தால், அன்று யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்த படித்தவர்கள் கையிலும் அதே ரேடியம் கடிகாரமாக இருந்தது. பாயின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்துக் காய்ந்திருக்கும், நகங்கள் வரிவரியாக இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு அரித்தது என்பார். எங்களிடம் அத்தனை கவனமாக இருந்தவர், ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஊசிகளை விரலாலேயே எடுத்திருக்கிறார். பின்னால் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

யுத்தம் முடிந்த சமயம், ஜப்பானில் இரண்டு ஊர்களை ஒவ்வொரு குண்டில் அழித்துவிட்டார்கள் என்ற சேதியை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். சந்தைக்கு இறங்கியிருந்தோம். மீதி விரல்களால் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். "ரேடியத்துக்குச் சொந்தந்தான் இதுவும். யுரேனியமாம். ரேடியம் ஒண்ணு வெடிச்சாப் பக்கத்துல இருக்கறது சும்மா இருக்கும். இதுல ஒண்ணை ஒடைச்சா அது தெறிச்சு அடுத்ததை ஒடைக்குமாம். அது அதுக்கடுத்ததை. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் சேந்து ஒடையும். அத்தனை வருஷமா மெல்ல வரவேண்டியது ஒரே நொடியில வந்துருது." எல்லாரும் ஏதேதோ கேட்டார்கள். அம்மா மட்டும், "அங்க கைப்புள்ளைங்க இருந்திருக்குமா பாய்?" என்றாள். "இருந்திருக்கும்மா" என்றார் அவர். அம்மா அன்று சந்தையில் எதுவும் வாங்காமல் மலை ஏறிவிட்டாள்.

பாருங்கள், எங்கேயோ முன்னால் ஓடிவிட்டேன். சொல்ல வந்தது அதுவல்ல.

தம்பியின் புண் அடுத்த சித்திரையில்தான் மூடியது. மூடிய இடத்தில் தோல் இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கக் கால் மடங்கியே இருந்தது. அவன் வயதுப் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், அவன் உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தான். பிழைத்ததே பெரிது, நடக்கமாட்டான் என்று ஊரில் சொன்னார்கள். அம்மா எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அந்தக் காலை நீட்டிவிடுவாள். பெரியம்மா எட்ட நின்று பார்ப்பாள். அவள் கன்னத்தில் புண் மறுபடி முளைத்திருந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

ஒரு சாயங்காலம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அம்மா கேழ்வரகு திரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா களத்தின் மறுகோடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பி பலா மரத்தைப் பிடித்து எழுந்தான். அதுவரை பிடித்துக்கொண்டு எழுவான், உட்கார்ந்துவிடுவான். அன்று மரத்தை விட்டுவிட்டான். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தான். அம்மா திரிகையை நிறுத்தினாள். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. களத்தைத் தாண்டி நேராகப் பெரியம்மாவிடம் போனான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "வராத சாமி, வராத, ஆத்தாகிட்டப் போ" என்று கெஞ்சினாள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவள் நகர நகர வந்தான். களத்தின் விளிம்பு வந்துவிட்டது, அதற்குக் கீழே சரிவு. அங்கே அவன் கால் தடுக்கியது.

"புடி அக்கா!" என்று கத்தினாள் அம்மா. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத வாய். "உளுந்துருவான், புடி அக்கா!"

பெரியம்மா பிடித்துவிட்டாள்.

இரண்டு கையாலும் பிடித்து மார்போடு சேர்த்தாள். உடனே பதறிப்போய், கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து போனாள். மாவு ஒட்டிய தன் கைகளை அந்தக் கைகளின் மேல் வைத்து அழுத்தினாள்.

"எடுக்காத" என்றாள்.